கட்டைப்பையில் வந்த அறுபதாம் கல்யாணம்

இன்று காலை கும்பகோணம் பஸ்சில் உட்கார்ந்ததும், எதிர்வீட்டு சார் ஜன்னல் வழியாக ஒரு கட்டைப்பையை என் மடியில் இறக்கினார்.

உள்ளே, திருக்கடையூரில் நடக்கப்போகும் அவருடைய அறுபதாம் கல்யாணப் பத்திரிகைகள். ஒவ்வொன்றும் வெல்வெட் பெட்டி, பித்தளைப் பிள்ளையார் சகிதம்.

"தபால் செலவைக் கன்னாபின்னான்னு ஏத்திட்டாங்கம்மா. நீங்க அந்தப் பக்கந்தானே போறீங்க, நாலு வீட்ல குடுத்துடுங்க."

பிள்ளையாரைப் பெட்டியில் உட்கார வைக்கக் காசு இருக்கிறது. ஸ்டாம்புக்குத்தான் கை வரவில்லை.

"எனக்குப் பத்திரிகை?" என்றேன்.

"நேத்தே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேனே! நாலு மூலைலயும் மஞ்சள்கூட இருக்கும், பாருங்க."

வெயிலில் நாலு வாசல் ஏறி, "அவசியம் வந்துடுங்க" என்று அவருக்காக அழைத்ததும் நான்தான்.

மொய்யாக ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடப் போகிறேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான். தப்பா, சொல்லுங்கள்?