நம்பர் ஒன் பாட்டும் எம்.சி. சீட்டும்

மலேசியாவில், கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. காலை பத்து மணி. வானொலியில் சிந்தசைசரும் மின்னணு டிரம்மும் துள்ளுகிற ஒரு தமிழ்ப் பாட்டு. மூன்றாவது வாரமாக இதுதான் முதலிடம் என்கிறார் அறிவிப்பாளர். எனக்கு இந்த வகை இசை ஆகாது. ஆனாலும் மேசைக்கடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

எதிரே தொழிற்சாலைச் சீருடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடிப்பவருக்கு முப்பது வயதிருக்கும். பாட்டு தொடங்கியதும் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொள்கிறார்.

"பாட்டு பிடிக்கலையா?" என்கிறேன்.

"இதுல கீபோர்டு வாசிக்கிறதே நான்தாண்ணே."

"அப்புறம் ஏன் ஒளியுறீங்க?"

"வீடியோ எடுக்கிற அன்னிக்கு லீவு கிடைக்கல. வயித்துப்போக்குன்னு கிளினிக்ல எம்.சி. எடுத்துட்டேன். வீடியோவுல பார்த்தா வெள்ளி ஜாக்கெட் போட்டுக் குதிச்சுட்டு இருக்கேன். இப்படி ஹிட் ஆகும்னு யாருக்குத் தெரியும் லா?"

மருத்துவ விடுப்புச் சீட்டுக்கு இந்த ஊரில் எம்.சி. என்று பெயர். பொய்ச் சீட்டு என்று தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. பாட்டு மேலே ஏற ஏற இந்த மனிதருக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது.

அவருடைய கைபேசி அடிக்கிறது. சூப்பர்வைசர். எழுந்து நின்று பேசுகிறார். "யெஸ் பாஸ்... ஆமா பாஸ்... நான்தான் பாஸ்."

உட்காரும்போது நெற்றியெல்லாம் வியர்வை.

"வேலை போச்சா?" என்கிறேன்.

"இல்லண்ணே. கம்பெனி ஆனுவல் டின்னர்ல எங்க பேண்ட் வாசிக்கணுமாம்." தொப்பியைக் கழற்றி மேசையில் வைக்கிறார். "அன்னிக்காவது வயிறு சரியா இருக்குமான்னு கேக்குறாரு."