பூட்டு என்று பேர் வைத்தோம்

அவளுக்குப் 'பூட்டு' என்று பேர் வைத்தவள் நான்தான். ஒரே அறை, நான்கு கட்டில், நான்கு பெண்கள். சோப்பு, சீப்பு, குடை எல்லாம் பொது. யார் செருப்பை யார் மாட்டிக்கொண்டு போனாலும் கேள்வி கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்து, "அக்கா, இதுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டால், பேர் வைக்காமல் என்ன செய்வது? மருந்துக்கடையில் நாள் முழுக்கக் கணினியோடு மாரடிக்கிறவள் நான். வழி காட்டினேன். எழுத்துகளை அவளே அடித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு அவ்வளவு நாகரிகம்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. விரிப்புகளை மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. எந்த வார்டுக்கு எத்தனை போர்வை போயிற்று, எதில் கறை போகவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குரல்தான் கிடையாது. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து வந்து காதோடு கேட்பாள்.

மாலையில் சுவரில் சாய்ந்தபடி கணினியைத் தட்டிக்கொண்டிருப்பாள். "யாருக்கும்மா லெட்டர்?" என்று பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கும் மூன்றாவது கட்டில்காரி கண்ணடிப்பாள். பூட்டு சிரித்து மழுப்பிவிடுவாள். ஒற்றை விரலால்தான் அவளுக்கு அடிக்கத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடும்போது உதடும் கூடவே அதைச் சொல்லும். பாஸ்வேர்டு எட்டே எழுத்து. எதிர்க்கட்டிலில் இருந்த எனக்கு நாலு நாளில் பாடமாகிவிட்டது. தானாகக் கண்ணில் பட்டது என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மட்டும் வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் மூவருக்கும் பொழுது போகவில்லை. நான் திறந்தேன்.

காதல் கடிதம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இருந்தது கேள்வி பதில். சலவைக்கூட மேற்பார்வையாளர் வேலைக்கு வியாழக்கிழமை நேர்காணல். அதற்காகத் தனக்குத்தானே கேள்வி கேட்டுப் பதில் எழுதிப் பழகியிருக்கிறாள். 'பன்னிரண்டு பேரை அதட்டி வேலை வாங்க உன்னால் முடியுமா?' இதற்கு மட்டும் ஒன்பது விதமாகப் பதில். கடைசி ஒன்றைத் தடித்த எழுத்தில் வைத்திருந்தாள்: 'என் குரல்தான் சின்னது அம்மா. வேலையில் நான் சின்னவள் இல்லை.'

அதோடு மூடி வைத்திருக்கலாம். பல் டாக்டர் உதவியாளர் நேர்காணல் அதிகாரி ஆனாள், நான் பூட்டு ஆனேன். அவளுடைய காற்றுக் குரலில் அந்த வரியைச் சொல்லிக் காட்டினேன். நாலாவது கட்டில் தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். அச்சு அசல் அவளேதான் என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போடும்போது தையல்காரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வேலையில நான் சின்னவ இல்லம்மா" என்று இழுத்தாள். பூட்டு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். சாயங்காலம் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, யாரோ என் கம்ப்யூட்டரத் திறந்து பாத்திருக்காங்க. வேற பாஸ்வேர்டு மாத்தணும்."

எங்கே மாற்றுவது என்று காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க பாருங்கக்கா. நான் மறந்துட்டா யாரப் போய்க் கேக்கறது? இந்த ரூம்ல உங்கள விட்டா நான் யார நம்புவேன்?"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான்தான் திறந்தேன் என்று இரண்டு வார்த்தை. அவள் ஒற்றை விரலால் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் நேராக மருந்துக்கடைக்கு வந்தாள். வேலை வேறொருத்திக்குக் கிடைத்துவிட்டது.

"அந்தக் கேள்வியவே கேட்டாங்கக்கா. பதில் நல்லா ஞாபகம் இருந்துச்சு. சொன்னா இவங்களும் சிரிப்பாங்களோன்னு தோணிடுச்சு. தெரியலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அடுத்த தடவ நீங்களே கேள்வி கேட்டுப் பழக்கிவிடுங்கக்கா. உங்க முன்னாடி பேசினா எனக்கு வெக்கமா இருக்காது."

சரி என்று சொன்னேன்.