பட்டை மணத்த மத்தியானம்

காய்ச்சல் விட்ட பிறகு என் அண்ணனுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. டத்தோ கிராமாட்டில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ருசி பார்க்காமலே, மணத்தை வைத்துக் குழம்பை இறக்குகிறவர். "மூக்குதான் நம்ம மொதலாளி. அதுவே எம்சி லீவு எடுத்துட்டா கடை எப்படி லா ஓடும்?" என்று சிரித்துவிட்டுக் கடையைச் சாத்தினார். வாசனை திரும்பினால்தான் திறப்பதாக இருந்தார்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மழைக்கு முந்திய வெளிச்சம். சமையலறையே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. அடுப்பில் ஏதோ கொதித்தது. அண்ணன் மூடியைத் தூக்கினார், ஆவிக்குள் முகத்தை விட்டுக் கண்ணை மூடினார்.

"பட்டை... கிராம்பு... பாப்பா, வந்துருச்சு!" என்று என்னைக் கூப்பிட்டார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பட்டை மணத்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன், தொண்டை வரைக்கும் இனிப்பாக இறங்கியது. மூன்று பேரும் அந்த ஆவியில் மிதந்துகொண்டு நின்றோம்.

அப்புறம் அண்ணி பானைக்குள் எட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர். சோற்றுக்கு உலை. வைத்தவரே அண்ணிதான்.

"பச்சைத் தண்ணியையா தாளிச்சேன்?" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு, துண்டால் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "பேர் சொல்லாம ஒவ்வொண்ணா கொடுங்க."

சீரகம் கொடுத்தோம். காப்பித்தூள் கொடுத்தோம். ஒன்றுமில்லை.

"சும்மா ஏதாச்சும் சொல்லிப் பாருங்களேன்," என்றார் அண்ணி.

"சும்மா சொல்லித்தானே மூணு பேரும் பட்டையைக் குடிச்சோம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தோம். அண்ணன் திடீரென்று தலையைத் திருப்பினார்.

"ஏதோ கருகுது."

"ஆமா, இப்ப தண்ணி கருகுதாக்கும்!" என்றார் அண்ணி. நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். மழைதான் மணத்தது.

"இல்ல, கருகுது."

அவருக்காகத்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா புகையும் சட்டியோடு நடைபாதைக்கு ஓடி வந்தார். "கை அடுப்புல, மனசு பாசார்ல! வெங்காயம் பூராவும் போச்சு!"

அப்போதுதான் எங்கள் மூக்குக்கும் அது எட்டியது. அண்ணி இருமினார். நான் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத பாப்பா," என்றார் அண்ணன், கண்கட்டை அவிழ்க்காமலே. "இன்னும் கொஞ்சம் உள்ள வரட்டும்."