நேரத்துக்கு முந்திய பாங்கு

ஜின்கள் இருக்கின்றன என்பதை நான் மறுப்பவள் இல்லை, அது ஈமானோடு, மார்க்க நம்பிக்கையோடு சேர்ந்த விஷயம். ஆனால் அந்த ஜின்னுக்கு வேறு வேலை இல்லாமல் நம்முடைய குசினிக்குள் வந்து சட்டி பானை உருட்டுகிறது என்று யாராவது கதை சொன்னால், முகத்துக்கு நேரேயே சிரித்துவிடுவேன். கரைத்தீவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அப்படிப்பட்ட கதைகளைத் தொடங்குவார்கள். அந்த நானே இப்போது இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களோடு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களில் கொஞ்சப் பேர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள், நாங்கள் போகவில்லை. ஓலைக் கொட்டில் கல்வீடாகிவிட்டது, மகள் சிப்னாவும் இங்கேயே படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் களப்பில் இறால் பிடிப்பவர். நல்ல மனுஷன், கெட்ட பிடிவாதம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர். அவருக்குச் சீனி வியாதி வந்தபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார், குளிசை போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் ஆபத்து, நோன்பு பிடிக்கக் கூடாது என்று. இவர் தலையை ஆட்டினார். நோன்பு வந்ததும் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு முதல் ஆளாக எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"அகதியா வந்த வருஷமே நான் நோன்பு விடல்ல. இப்ப கல்வீட்டுல இருந்துக்கிட்டு விடுறதா?" என்றார்.

"மௌத்தாப் போனா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"அல்லாஹ் பாத்துக்குவான்."

ஒவ்வொரு நாளும் அவர் நோன்பு திறக்கும் வரைக்கும் என் உயிர் என் கையில் இல்லை. இவர் போய்விட்டால் நானும் சிப்னாவும் என்ன ஆவோம் என்ற பயம், கஞ்சி கிண்டும்போதும் வடைக்கு அரைக்கும்போதும் என்னை விடவில்லை.

அன்று காலையிலிருந்தே மழை. களப்புப் பக்கமிருந்து காற்று வேறு. மத்தியானத்தோடு கரண்ட் போய்விட்டது. பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு இவர் கதிரையில் சாய்ந்தார். சிப்னா ஏதோ கேட்க எழுப்பப் போனாள், நான்தான் வேண்டாம் என்றேன். நோன்பாளி தூங்குவதும் இபாதத், ஒரு வணக்கம் என்பார்கள் இல்லையா, எங்கள் வீடுகளில் அந்த நேரத்தில் தூங்குகிறவர்களை யாரும் எழுப்ப மாட்டோம். வானம் கறுத்து, வீட்டுக்குள் விளக்குக் கொளுத்த வேண்டிய அளவுக்கு இருட்டு. நான் கஞ்சியை இறக்கி, கோப்பைகளில் ஊற்றி, பேரீச்சம்பழம் எடுத்து வைத்து, சர்பத்தும் கலக்கிவிட்டேன்.

அப்போதுதான் தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு கேட்டது.

நல்ல தெளிவான குரல். மைக்கில் வருகிற இரைச்சல் இல்லை. மழைச் சத்தத்துக்கு மேலாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக வந்தது. நான் கேட்டேன், சிப்னாவும் கேட்டாள். "உம்மா, பாங்கு சொல்லியாச்சு" என்று அவள்தான் பாயை விரித்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நோன்பு காலத்தில், நோன்பு திறக்கச் சொல்லும் அந்திநேர மஃரிப் பாங்கு காதில் விழுந்த பிறகு மணிக்கூட்டைப் பார்க்கிற ஒரு முஸ்லிமை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

இவரைத் தட்டினேன். எழும்பவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறந்தார், ஆனால் என்னைப் பார்க்கிற பார்வை இல்லை அது. சேர்ட் முழுக்க வேர்வை, பிழிந்தால் ஓடும். கையோ ஐஸ். "வாப்பாவப் புடி மகள்" என்று கத்திக்கொண்டு, நிமிர்த்தி வைத்து, சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் ஊற்றினேன். முதலில் வழிந்தது. பிறகு விழுங்கினார். ஒரு கிளாஸ் முடிந்து அடுத்ததும் பாதி இறங்கிய பிறகுதான் என் பேரைச் சொன்னார். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது, சத்தம் போட்டே அழுதேன்.

அவர் பேரீச்சம்பழம் தின்று கஞ்சியும் குடித்துக்கொண்டிருக்கும்போது, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஹபீலா வந்தாள். வழக்கம்போல நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் பலகாரம் கொடுக்க வந்தவள், தட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ராத்தா, என்ன இது? இன்னும் நேரமிருக்கே."

"பாங்கு சொல்லிட்டாங்களே."

"யாரு சொன்ன? நான் இவ்வளவு நேரமும் முன் விறாந்தையிலதானே நிண்ட."

அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தோம். மஃரிபுக்கு இன்னும் நல்ல நேரம் கிடந்தது. இவருக்கு அதற்குள் கோபப்படும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "என்ட நோன்ப முறிச்சிட்டியே" என்று என்மேல் பாய்ந்தார். அவர் அப்படி ஏசியதைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஏசட்டும், ஏசுவதற்கு ஆள் இருக்கிறாரே.

உண்மையான பாங்கு நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. கரண்ட் இல்லாததால் பள்ளியில் மைக் வேலை செய்யவில்லை, காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்டது.

அடுத்த நாள் புத்தளத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என்னை விட நன்றாக ஏசினார். "அந்த நேரம் இனிப்பு உள்ள போகாட்டி தூக்கத்திலயே போயிருப்பீங்க. யாரு பாத்து எழுப்பின?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போய் விசாரித்தேன். "மைக் இல்லாட்டி நான் சொல்றது பள்ளிக் கேட்டத் தாண்டாது. அதுவும் அந்த நேரத்துல ஏன் சொல்லப் போறேன்?" என்றார். அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. ரேடியோ என்றார்கள், எங்கள் வீட்டில் ரேடியோவே இல்லை. ஹபீலாவின் மாப்பிள்ளை கொஞ்ச நாள் என்னைக் காணும்போதெல்லாம், "உங்கட வீட்டுக்கு மட்டும் தனிப் பள்ளி கட்டியிருக்கா ராத்தா?" என்று பகிடி பண்ணினான். மௌலவி எனக்கும் சிப்னாவுக்கும் அந்த ஒரு நோன்புக்குப் பதிலாகப் பிறகொரு நாள் களாப் பிடிக்கச் சொன்னார். இவருக்கு நோன்பு கடமையில்லை, பதிலுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். நான் தலைகீழாக நின்றும் கேட்காத மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டார். இப்போது ஒவ்வொரு வருஷமும் பள்ளியில் கஞ்சி கிண்டுகிறவர் இவர்தான். உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் சண்டைக்கும் போவார்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். எங்களுக்குத்தான் காது பிசகியது என்று நானும் மனதை ஆற்றியிருப்பேன்.

அதே நோன்பில், கொஞ்ச நாள் கழித்து, நானும் சிப்னாவும் சஹர் முடித்துவிட்டு இருக்கிறோம், இவர் சுபஹு தொழுகைக்கு எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கிறார். பள்ளியில் பாங்கு தொடங்கியது. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், விடியற்காலைப் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும். தூக்கத்தை விடத் தொழுகை மேலானது என்று. மற்ற எந்த நேரத்துப் பாங்கிலும் அதைச் சொல்வதில்லை.

அந்த வரி வந்ததும் சிப்னா என் கையைப் பிடித்தாள்.

"உம்மா, அண்டைக்கும் இதச் சொன்னாங்கதானே?"

சொன்னார்கள். பாங்கு கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் வாய்க்குள் பதில் சொல்வது எங்கள் வழக்கம், அந்த வரிக்கென்று தனிப் பதில் ஒன்று உண்டு. அன்று கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாய் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருந்தது. பின்னேரத்தில் அதைச் சொல்கிறேனே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

நான் இவரைப் பார்த்தேன். பாங்கு எதுவும் தனக்குக் கேட்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும் கனவு கண்டோம் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்கு அந்த ஒரு வரிதான் கேட்டிச்சு" என்றார். "பக்கத்துல இருந்து."