என் பங்கு செவ்வாய்க்கிழமை

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் டவுன்டவுனில் நான் வேலை செய்யும் சமையலறையில் குழாயைத் திறந்தால் திறந்ததுதான். சலாட் இலை கழுவி முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். நான் போய்ப் பூட்டுவேன். ஷெஃப் வந்து திறப்பார். "தண்ணீர் இருக்கிறது மதாம், நிறைய" என்று ஆற்றுப் பக்கம் கை காட்டுவார். இத்தனை வருடத்தில் நான் பூட்டுவதை விடவில்லை. அவரும் திறப்பதை விடவில்லை.

எங்கள் நாடு சின்னது. இங்கே கேட்கிறவர்களுக்கு அதன் தேயிலை தெரியும், கடற்கரை தெரியும். நான் தேயிலைச் செடியைக் கண்டதேயில்லை. அது மலைநாட்டில். எங்கள் வடக்கில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லும், அதற்குள் மழை விட்டுப்போன நல்ல தண்ணீரும்தான். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். அளவாக இறைத்தால் வெங்காயம், மிளகாய், புகையிலை விளையும். ஆசைப்பட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். எங்கள் பொருளாதாரம் அவ்வளவுதான். அதனால் ஒரு கிணறு பல பேருக்குச் சொந்தம். காணி உறுதிப் பத்திரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு. ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊறட்டும் என்று விடுவோம். சீதனமாக வந்த என் பங்குக்கு நாள் செவ்வாய். சண்டை வந்தது, ஓடினோம். காணிக்குள் ஆமி இருந்தது, பிறகு போனது. வீடு இடிந்து கிடந்தது. கிணறு இருந்தது.

போன மாதம் தம்பி ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தான். ஹோட்டல் கட்டப்போகிற ஒருவர் கிணற்றை முழுதாகக் கேட்கிறாராம்.

"அக்கா, ஐஞ்சு பேரும் கையெழுத்து வைச்சாச்சு. நீங்கள்தான் மிச்சம்."

"வைக்கமாட்டன்."

"உங்களுக்கு அங்கை பக்கத்தில ஆறே ஓடுது. இந்தக் கிணத்தில ஒரு நாள் எதுக்கு?"

"ஆறு என்ரை பேரில இல்லை."

"வந்து அள்ளிக் குளிக்கப்போறியளோ?"

"மலர் இறைக்கிறாள்."

"மலர் உங்களுக்கு ஆர்?"

"செவ்வாய்க்கிழமைக்காரி."

"ஐஞ்சு வீடும் உங்களைத்தான் திட்டும்."

"திட்டட்டும். எனக்கு இங்கை கேக்காது."

மலர் எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்தவள். பக்கத்துக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, என் நாளில் இறைத்து வெங்காயம் வைக்கிறாள். ஹோட்டல்காரர் பெரிய மோட்டர் போட்டு நாள் முழுக்க இறைத்தால் முதலில் போவது அவளுடைய தோட்டம். பிறகு சுற்றியுள்ள கிணறெல்லாம் உப்பு. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் என்னைப் பிடிவாதக்காரி என்பீர்கள். சரி. ஊரை விட்டுப் போனவளுக்குப் பங்கு இல்லை என்று எழுதிய உறுதி ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

அடுத்த நாள் என் முகத்தைப் பார்த்து ஷெஃப் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"கிணறா? உன்னுடையதா?"

"ஆறில் ஒன்று."

சிரித்தார். "எந்தத் துண்டு? மேலேயா, அடியிலேயா?"

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

சிரிப்பு நின்றது. "செவ்வாய் லீவு தர முடியாது மதாம். ஆள் இல்லை."

நான் விளக்கவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை.

இந்தத் திங்கள் பின்னேரம் வேலையில் நிற்கும்போது மலர் கோல் எடுத்தாள். "அக்கா, இறைக்கிறன். கேக்குதோ?" மோட்டர் சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் விழுவதும் கேட்டது. அங்கே செவ்வாய் விடிந்துவிட்டது. இங்கே யன்னலில் திங்கட்கிழமை வெயில் இன்னும் போகவில்லை. "ஓம், கேக்குது. வெங்காயத்தைப் பார்" என்றேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எட்டி இந்தப் பக்கத்துக் குழாயைப் பூட்டினேன்.