ஓடைக்கரையில் பேச்சியின் அத்தைகள்

தரையில் கம்பி அடித்தவளெல்லாம் கம்பெனிக்கு நிலம் வளைக்க வந்தவளா? பக்கத்து வீட்டுப் பாப்பம்மா இன்னும் அதையேதான் சொல்கிறாள். "சூளகிரி பக்கம் மொதல்ல இப்பிடித்தாங்க்கா அளந்தாங்க. அப்பறம் காம்பவுண்டு வந்துச்சி." எங்கள் முன்னறையில் குடியிருந்த பேச்சியம்மாள் அளந்தது மழை கரைத்துக்கொண்டுபோகிற மண்ணை. மண் பாதுகாப்பு வேலைக்கு வந்த பெண் அவள்.

மழை விட்டால் போதும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடைப்பள்ளத்தில் இறங்கிவிடுவாள். தையல்காரர் மாதிரி கழுத்தில் டேப், கையில் தூக்குக்குண்டு. பள்ளத்துச் சரிவில் இரும்புக் கம்பிகளை ஒரு விரற்கடை மட்டும் வெளியே தெரிய அடித்துவைத்திருந்தாள். மண் போகப் போகக் கம்பி நீளமாகத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கம்பிக்கெல்லாம் தன் அத்தைமார் பெயர். "ஆச்சி, பெரியத்தை கழுத்த நீட்டிட்டாவ! சின்னத்தை அசையல, அழுத்தக்காரி!" என்று பள்ளத்திலிருந்து கத்துவாள். கேழ்வரகுக் களியைக் கடைசிவரை மென்றேதான் தின்றாள். "முழுங்கணும் கண்ணு" என்றால், "தொண்டையில நிக்கு ஆச்சி" என்பாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பள்ளத்து விளிம்புக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கத்துக் கம்பிகளும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்க, நடுக்கம்பி மட்டும் தரையோடு தரையாக இருந்தது. தலையில் சுத்தியல் காயம். வேலியோரம் நின்ற பாப்பம்மா தானாகவே சொன்னாள்: "நாந்தாங்க்கா அடிச்சி எறக்குனேன். நீட்டிக்கினு கெடந்துச்சி, மாட்டுக் காலு கிழிஞ்சா?"

பேச்சி சிரித்துவிட்டாள். "அத்தைய இப்பிடி அமுக்கிட்டியளே!" சிரிப்பு அடங்குவதற்குள் முகம் மாறியது. "அப்போ இங்கனயும் ஒரு சாண் போயிருக்கு. மாட்ட அவுத்து விடுங்க ஆச்சி."

மாமனார் கட்டின கொட்டகை, அதெல்லாம் அசையாது என்றேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. இரண்டு மாட்டையும் அவிழ்த்துப்போய்த் தன் அறை வாசலில் கட்டினாள். சாயங்காலம் கொட்டகையின் பின்சுவர் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் பாப்பம்மா வீட்டுக் காப்பிக்கு அந்த மாட்டுப் பால்தான் போகிறது. குடித்துவிட்டுப் பேசட்டும்.

தை பிறந்ததும் பேச்சியை ஊத்தங்கரைக்கு மாற்றிவிட்டார்கள். கம்பிகளைப் பிடுங்கிக் கோணியில் கட்டினாள். பாப்பம்மா அமுக்கிய அத்தையை மட்டும் என் வீட்டுப் பின்மூலையில் அடித்து, மண் தொடுகிற இடத்தில் நெயில் பாலிஷால் சிவப்பு வளையம் போட்டாள். "நம்பரெல்லாம் பாக்க வேண்டாம் ஆச்சி. இந்தச் சிவப்புக்குக் கீழ கம்பி தெரிஞ்சா போன் போடுங்க."

வாசலில் பையைத் தோளில் மாட்டியவள், என் கையை இழுத்து, மிச்சமிருந்த பாலிஷைக் கட்டைவிரல் நகத்தில் தடவினாள். அது காயும்வரை ஊதிவிட்டுத்தான் படி இறங்கினாள்.