பதினேழாம் நம்பருக்கு முழுப்பேர்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் பிரசாத்தைக் கொஞ்சமாவது தைரியசாலியாகக் காட்டியிருப்பேன். பட்டப்பகலில், ஒற்றைச் செருப்போடு அவன் ஓடிய ஓட்டத்தைப் பந்தலூர்ப் பக்கம் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

2004. தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். இலை விற்ற காசு, பறித்த கூலிக்கே பற்றாது. பந்தலூர்ப் பக்கத்து அந்தத் தேயிலை ஃபாக்டரியைப் பூட்டி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. குத்தகைக்கு எடுக்கக் குன்னூரிலிருந்து ஒரு பார்ட்டி வருவதாகப் பேச்சு. பிடித்தால் ஃபாக்டரி திறக்கும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்களுக்கு வேலை கிடைக்கும். பிடிக்காவிட்டால் மிஷின்களெல்லாம் பழைய இரும்புக்கடைக்கு.

அந்தப் பார்ட்டிக்கு ஓர் ஆசை. குன்னூரில் உட்கார்ந்தபடியே, இங்கே இன்று யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். அதைச் செய்துகொடுக்கத்தான் கோயமுத்தூரிலிருந்து பிரசாத் வந்திருந்தான்.

"என்னா தம்பி செய்யிறீங்க?" என்று கேட்டார் வாட்ச்மேன் வடிவேல். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி இங்கே வந்தவர்.

"விக்கிங்க."

"விக்குதா? தண்ணி குடிங்க, நின்னுரும்."

பிரசாத் பொறுமையாக விளக்கினான். விக்கி என்பது பலர் சேர்ந்து எழுதுகிற வலைப்பக்கம். பக்கம் இருப்பது ஒரு கம்ப்யூட்டரில், விவரம் இருப்பது வேறொரு கம்ப்யூட்டரில். பக்கத்தைத் திறந்தால் அது தூரத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆளின் நம்பராகச் சொல்லிக் கூப்பிடும். அங்கே காத்திருக்கும் சின்னப் புரோகிராம் பதில் சொல்லும். அதற்குப் பேர் பிளகின்.

"அட, நம்ம பெரட்டு! காலையில கங்காணி நின்னு பேர் கூப்பிடுவாரே, அதானே?" வடிவேல் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "பாத்துக் கூப்பிடுங்க தம்பி. கூப்பிட்டா யாராச்சும் வந்துருவாங்க."

பிரசாத் பிளகினை எடை ரூம் கம்ப்யூட்டரில் வைத்தான். ஆபீஸில் தன் லேப்டாப்பைக் குன்னூர் என்று வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு ஒயரை இழுத்தான். பிளகினுக்கு அவன் சொல்லிக்கொடுத்த வார்த்தை இரண்டே இரண்டு. 'வந்தார்.' 'வரவில்லை.' ஃபாக்டரிதான் பூட்டிக் கிடக்கிறதே, பழைய ரிஜிஸ்டரில் இருந்த எல்லா நம்பருக்கும் 'வரவில்லை' என்று வர வேண்டும்.

வந்தது. பதினேழைத் தவிர.

17 – அரைப்பேர்.

அவன் எழுதாத வார்த்தை. மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால், அதுவும் 'வரவில்லை' ஆகியிருந்தது.

பிரசாத்தின் சந்தேகம் நேராகக் கிளார்க் இந்துமதி மேல் விழுந்தது. "இது வந்துட்டா என்ற வேலை போயிருமுங்களா?" என்று முதல் நாளே கேட்டவள். அவன் ரகசிய எண்ணை மாற்றினான். மறுநாள் காலையிலும் அரைப்பேர். மத்தியானத்துக்கு மேல் இல்லை.

"ஏனுங்க, எடை ரூம் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"நான் அதைத் துடைக்கக்கூட மாட்டேனுங்க. எதையும் தொட்டுராதீங்கன்னு நீங்கதானே கத்துனீங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். திருடர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று பிரசாத் முடிவு செய்தான். திரையில் வந்ததை அவளிடம் காட்டவே இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் அல்லவா? பெரிய போலீஸ்!

மூன்றாம் நாள் இந்துமதி லீவு. விடிந்தால் பார்ட்டி வருகிறது. பதினோரு மணிக்கே ஜன்னலை மிஸ்ட் மூடிவிட்டது. பிரசாத் பக்கத்தைத் திறந்தான்.

17 – அரைப்பேர்.

அப்படியானால் இந்துமதி இல்லை. வடிவேலா? அவர் கேட்டில் இருமுவது கேட்டது. பிரசாத் நகத்தைக் கடித்தான். 'அரைப்பேர்... ஆளின் பேர் பாதியில் அறுந்துபோகிறது போல.' காரணம் தேட நேரமில்லை. நாளைக்குப் பார்ட்டியின் கண்ணில் 'அரை' என்று எதுவும் படக்கூடாது. பிளகினில் ஒரு வரி சேர்த்தான். பதினேழைக் கேட்டால், 'முழுப்பேர்' என்று சொல்.

பக்கத்தைத் திறந்தான்.

17 – முழுப்பேர்.

அப்பாடா என்று சாய்ந்தான். மணி பன்னிரண்டு தாண்டியது.

கடக்...

ரோலர் ரூமிலிருந்து.

கடக்... கடக்... கடக்...

இலையைக் கசக்குகிற ரோலர். ஆனால் மிஷின் லைனைக் கரண்ட் ஆபீஸ்காரர்கள் எப்போதோ பிடுங்கிவிட்டார்களே!

பச்சை இலை கசங்கும் வாசனை வந்தது. ஒரு வருஷமாக இலையே வராத இடம்.

எடை ரூமுக்கு ஓடி ஒயரைப் பிடுங்கினான்.

சத்தம் நிற்கவில்லை.

திரும்பி வந்து லேப்டாப்பைப் பார்த்தான். பக்கம் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

முழுப்பேர்.

முழுப்பேர்.

முழுப்பேர்...

செருப்பு கழன்றது அங்கேதான்.

கேட்டில் வடிவேல் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "என்னா போட்டீங்க தம்பி?"

"பதினேழுக்கு... முழுப்பேர்..."

அவர் ரோலர் ரூம் பக்கம் காது கொடுத்தார். தலைத்துண்டை மெல்ல அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ரூமுக்குப் போங்க. காலையில வாங்க."

காலையில் பார்ட்டி வந்தது, வயதான ஒருவர். பிரசாத்தின் வலைப்பக்கத்தை அந்தப் பெரியவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக ரோலரிடம் போனார். களிம்பேறியிருக்க வேண்டிய பித்தளை பளபளவென்றிருந்தது. இடுக்கில் கசங்கிய இலை, ஈரமாக, பச்சையாக. விரலால் வழித்து முகர்ந்தார்.

"நேத்து ஓட்டுனீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சுங்க ஐயா," என்றார் வடிவேல், கண் இமைக்காமல்.

"பூட்டுன ஃபாக்டரியில மிஷினை இப்படி வெச்சிருக்காங்களே! திறக்கலாம். ரோலர்ல யாரு? அந்த ஆளையே வெச்சுக்கங்க."

"அது எங்கயும் போகாதுங்க ஐயா."

கார் போன பிறகு பிரசாத் வடிவேலின் கையைப் பிடித்தான். "யாருங்க ஓட்டுனது?"

"பேர் போடுறதுன்னா என்னான்னு தெரியுமா தம்பி? ஒரு நாள் வேலை செஞ்சா முழுப்பேர். மத்தியானத்தோட நின்னுட்டா அரைப்பேர்." அவர் ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினேழு மாரியாயி. ரோலர்ல இலை போடுற ஆளு. பூட்டுறதுக்கு முந்தின மாசம், மத்தியானச் சங்கு ஊதுற நேரம், முந்தானை மாட்டி உள்ள இழுத்துருச்சு. பொணத்தை எடுக்கவே பொழுதாயிருச்சு. அன்னிக்கி அதுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க."

பிரசாத் ரோலரை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"இத்தன நாளும் மத்தியானத்தோட போயிரும். நேத்து நீங்க முழுசாப் போட்டீங்க. முழு நாளும் செஞ்சுட்டுப் போச்சு."

ஆபீஸில் லேப்டாப் திறந்தே இருந்தது. பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தது. திரையில் பதினேழுக்கு எதிரே மட்டும் காலி.

வடிவேல் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கி என்னா பேர் தம்பி போடப்போறீங்க?"